வீட்டில் கிராஃப்ட் பீரைச் சுவைத்து மதிப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் முதல் பீர் நோட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட பீர்களுக்குக் குறிப்பு இருக்கிறது. ‘நல்ல கசப்பு’, ‘ரொம்ப ஸ்மூத்’, ‘பரவாயில்லை’, ‘மறுபடி வாங்கலாம்’. பக்கத்துக்குப் பக்கம் இதேதான். பெயரை மறைத்துவிட்டால் எந்தக் குறிப்பு எந்த பீருடையது என்று எனக்கே தெரியாது. அந்த மாலைகளில் நான் எப்படி இருந்தேன் என்பதுதான் அதில் பதிவாகியிருக்கிறது. கிளாஸுக்குள் என்ன இருந்தது என்பது எங்குமே இல்லை.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு ஒழுங்கைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். முதலில் பீரில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பது கடைசி வரியாக வரட்டும். கேட்க எளிதாக இருக்கும். முதல் வாய் குடித்ததுமே ‘ஆஹா’ என்றோ ‘ச்சே’ என்றோ மனம் முந்திக்கொள்வதால் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதற்கான வழி.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இது மது அருந்தச் சட்டப்படி வயது வந்தவர்களுக்கானது. கர்ப்பமாக இருப்பவர்கள், மதுவோடு சேராத மருந்து எடுப்பவர்கள், அன்றைக்கு வண்டி ஓட்ட வேண்டியவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். ஆல்கஹால் நீக்கிய கிராஃப்ட் பீர்கள் இப்போது நிறைய வருகின்றன. இந்த முறை முழுவதும் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

எத்தனை பீர், எவ்வளவு

ஒரு அமர்வுக்கு நான்கு பீர் போதும். ஐந்தாவது வரும்போது மூக்கு களைத்துப்போயிருக்கும், ஆறாவதுக்கு எழுதும் குறிப்பை நம்ப முடியாது. ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 80 மி.லி. ஊற்றினால் மூன்று நான்கு முறை வாய் நிறையக் குடித்துப் பார்க்கலாம். கணக்குப் போடுங்கள்: நான்கு பீர், மொத்தம் 320 மி.லி., சராசரி ஆல்கஹால் 6 சதவீதம் என்றால் உள்ளே போவது ஏறக்குறைய 15 கிராம் ஆல்கஹால். 5 சதவீத பீர் 330 மி.லி. பாட்டில் ஒன்றில் இருப்பது 13 கிராம். ஆக, ஒரு பாட்டிலைவிடச் சற்றே அதிகம். கவனம் சிதறாமல் இருக்க இந்த அளவு சரி. மூன்று நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பாட்டிலும் வீணாகாது. திறந்த பீர் மறுநாளைக்குத் தாங்காது.

முதல் அமர்வுக்கு என்னைக் கேட்டால் இந்த நான்கைச் சொல்வேன்: ஜெர்மன் பாணிக் கோதுமை பீரான ஹெஃபெவைசன், வெளிர் பொன்னிற பில்ஸ்னர், அமெரிக்க பாணி ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம்), கறுப்பு நிற ஐரிஷ் பாணி ஸ்டவுட். காரணம் இருக்கிறது. பீரின் அடிப்படைப் பொருள்கள் தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட் ஆகிய நான்கு. முளைகட்டி உலர்த்திய பார்லிதான் பெரும்பாலும் மால்ட். ஹாப்ஸ் என்பது கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூங்காய். ஹெஃபெவைசனில் ஈஸ்ட்தான் முன்னால் நிற்கும். அதில் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்கியவை, யாரும் பழமோ கிராம்போ போடவில்லை. ஐபிஏவில் ஹாப்ஸ் முன்னால் நிற்கும். ஸ்டவுட்டில் வறுத்த தானியம். பில்ஸ்னரில் எதுவுமே முன்னால் நிற்காது. மென்மையான மால்ட்டும் ஹாப்ஸும் சரிசமமாக இருக்கும், தவறு செய்தால் ஒளித்துவைக்க இடமில்லாத பீர் அது. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் எந்தப் பொருள் எந்தச் சுவையைத் தருகிறது என்று ஒரே மாலையில் பிடிபடும்.

குடிக்கும் வரிசையும் அதுதான். கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதுக்கு, மெல்லியதிலிருந்து கனமானதுக்கு, ஆல்கஹால் குறைந்ததிலிருந்து அதிகமானதுக்கு. ஸ்டவுட்டில் ஐபிஏவைவிட ஆல்கஹாலும் கசப்பும் குறைவாகவே இருந்தாலும் வறுத்த வாசனை நாக்கை விட்டுப் போகாது என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறோம். புகையூட்டிய மால்ட் பீரோ கடும் புளிப்பு பீரோ இருந்தால் அவை அதற்கும் பின்னால்.

வாங்கும்போது

தேதியைப் பாருங்கள். கேனின் அடிப்பக்கத்திலோ பாட்டிலின் கழுத்திலோ அடைத்த தேதி இருக்கும். ஐபிஏ மாதிரி ஹாப்ஸ் மணத்தை நம்பியிருக்கும் பீர்களை அடைத்து மூன்று மாதத்துக்குள் குடிப்பது நல்லது. வாரக்கணக்கில் அந்த மணம் மங்கிக்கொண்டே போகும். 8 சதவீதத்துக்கு மேல் போகும் இம்பீரியல் ஸ்டவுட் போன்றவை வருடக்கணக்கில் தாங்கும், சில நேரம் மேம்படவும் செய்யும்.

வெளிச்சத்தில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் நிமிர்த்தி நிற்கவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கிளாஸும் அறையும்

நான்கு பீருக்கும் ஒரே வடிவ கிளாஸ் வேண்டும். வயிறு அகன்று வாய் குறுகியிருந்தால் வாசனை உள்ளேயே தங்கும். டுலிப் கிளாஸ் இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் அருமையாக வேலை செய்யும். பாட்டிலோடு வாய் வைத்துக் குடித்தால் மூக்குக்கு வேலையே இல்லை, மதிப்பீடும் இல்லை.

சுத்தம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் ஒரு பீருக்கு அநியாயம் செய்திருக்கிறேன். ஒரு கோதுமை பீர் ஊற்றிய அரை நிமிடத்தில் நுரை முழுவதும் செத்துப்போனது. ‘நுரை நிற்கவில்லை, செய்நேர்த்தி இல்லை’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். அடுத்த வாரம் அதே பீரின் இன்னொரு பாட்டில், வேறு கிளாஸ்: வெள்ளைவெளேரென்று மூன்று விரல் உயரத்துக்கு நுரை, குடித்து முடிக்கும்வரை கிளாஸ் சுவரில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் கிளாஸில் பால் குடித்து, சோப்பு போட்டு, சரியாக அலசாமல் வைத்திருந்தார்கள். தானியத்தின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும் சேர்ந்துதான் நுரையைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஒரு துளி கொழுப்போ சோப்போ பட்டால் அந்தப் பிடி விட்டுவிடும்.

அதனால் கிளாஸை வெந்நீரில் நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காய வையுங்கள். சந்தேகம் இருந்தால் உள்பக்கத்தை ஈரமாக்கி உப்புத்தூளைத் தூவிப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் உப்பு சீராக ஒட்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடத்தில் ஒட்டாமல் திட்டுத் திட்டாக விழும். ஊற்றிய பிறகும் தெரியும்: பீருக்குள்ளே கண்ணாடிச் சுவரில் குமிழிகள் கூட்டமாக ஒட்டி நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது.

அறையில் சமையல் வாசனை, சென்ட், புகை எதுவும் வேண்டாம். ஒரு மணி நேரம் முன்பிருந்தே காரமான உணவையும் காபியையும் தள்ளிவையுங்கள். பக்கத்தில் குளிரூட்டாத தண்ணீர், உப்பு அதிகமில்லாத வெறும் ரொட்டி, நோட்டு, பேனா. ஃபோனில் எழுதலாம்தான், ஆனால் அதைக் கையில் எடுத்ததும் மற்றவர்கள் கொடுத்த மதிப்பெண்ணைப் பார்க்கத் தோன்றும். பார்த்துவிட்டால் நாக்கு அதற்கேற்ப நடக்கத் தொடங்கிவிடும்.

குளிர்ச்சி எவ்வளவு

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பீரை மதிப்பிடாதீர்கள். கடுங்குளிரில் வாசனைப் பொருள்கள் மேலே எழாது, கசப்பு மட்டும் கூர்மையாகத் தெரியும். பில்ஸ்னருக்கும் கோதுமை பீருக்கும் 5 முதல் 7 டிகிரி செல்சியஸ், ஐபிஏவுக்கு 8 முதல் 10, ஸ்டவுட்டுக்கு 10 முதல் 13. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஐபிஏவைக் கால் மணி நேரத்துக்கு முன்பும் ஸ்டவுட்டை அரை மணி நேரத்துக்கு முன்பும் வெளியே எடுத்து வையுங்கள். அறை ரொம்பச் சூடாக இருந்தால் இன்னும் குறைவான நேரமே போதும்.

ஊற்றுவது

கிளாஸை 45 டிகிரி சாய்த்து, சுவரோடு வழியவிட்டு, பாதி ஆனதும் நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் நுரை வரட்டும். நுரையைக் கண்டு பயந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினால் அதிகப்படி வாயு பீரிலேயே தங்கி வயிற்றை உப்பவைக்கும், வாசனையும் வெளியே வராது. பாட்டிலின் அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் பொதுவாகக் கடைசி ஒரு சென்டிமீட்டரை விட்டுவிடலாம். ஹெஃபெவைசனில் மட்டும் தலைகீழ்: அந்தக் கடைசிப் பகுதியைச் சுழற்றிக் கலக்கி ஊற்ற வேண்டும். கலங்கலாக இருப்பதுதான் அதன் இயல்பு.

முதலில் மூக்கு

ஊற்றிய கையோடு முகருங்கள். நிறத்தைப் பார்ப்பது அப்புறம் இருக்கட்டும். நிறம் எங்கேயும் போகாது, ஆனால் சில மெல்லிய மணங்கள் முதல் நிமிடத்திலேயே பறந்துவிடும். கிளாஸை மூக்குக்கு அருகே கொண்டுவந்து குட்டிக்குட்டியாக இரண்டு மூன்று முறை உறிஞ்சுங்கள். எழுதுங்கள். பிறகு கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாகச் சுழற்றி, கையை எடுத்ததும் நீளமாக ஒரு முறை. மறுபடி எழுதுங்கள். மூக்கு மரத்துப்போனால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை முகர்ந்துவிட்டு வாருங்கள். தன் உடம்பு வாசனை மூக்குக்குப் பழகியது என்பதால் அது ஒரு ஓய்வு.

என்ன எழுதுவது? இங்கேதான் பெரும்பாலோர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பெரிய கேள்வியிலிருந்து சின்னக் கேள்விக்கு இறங்குங்கள். தானிய வாசனையா, பழ வாசனையா, பூவா, மரமா, மசாலாவா? பழம் என்றால் எலுமிச்சை இனமா, மாம்பழம் கொய்யா மாதிரியா, உலர்ந்த திராட்சை மாதிரியா? எலுமிச்சை இனம் என்றால் சாறா, தோலா? இப்படி மூன்று படி இறங்கினால் ‘பழ வாசனை’ என்பது ‘பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினால் வரும் வாசனை’ ஆகிவிடும். 1972-இல் வெளியான அமெரிக்க ஹாப்ஸ் வகை கேஸ்கேட் இந்த மணத்துக்குத்தான் பேர்போனது. சியரா நெவாடா என்ற அமெரிக்க ப்ரூவரி (பீர் ஆலை) 1980-களின் தொடக்கத்திலிருந்து விற்றுவரும் பேல் ஏல் என்ற பீரில் அதுதான் முதன்மை ஹாப்ஸ்.

சுவை அகராதி எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். இந்த வேலைக்குத் தமிழ் நன்றாகவே கைகொடுக்கிறது. வாயை இழுத்துப் பிடிக்கும் வறட்சிக்கு ‘துவர்ப்பு’ என்று தனிச்சொல் வைத்து அதை அறுசுவையில் ஒன்றாகவே எண்ணிய மொழி இது. வறுத்தலுக்கும் கருகலுக்கும் தீய்தலுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. ஸ்டவுட் குடிக்கும்போது இந்த மூன்றில் எது என்று கேட்டுக்கொண்டாலே குறிப்பு துல்லியமாகிவிடும். பச்சை வாசனை, மண் வாசனை, மக்கிய வாசனை, ஊசல், வீச்சம், தொண்டையில் நிற்கும் காரல் என எல்லாம் புழக்கத்தில் இருப்பவை. லேபிளில் உள்ள ‘டிராபிக்கல்’ என்ற சொல்லைக் கடன் வாங்குவதைவிட, உங்கள் நினைவில் சட்டென்று வந்த ஒரு பொருளின் பெயரை எழுதுவது எவ்வளவோ மேல். பென்சில் சீவிய வாசனை வந்தால் பென்சில் சீவல் என்றே எழுதுங்கள்.

கண்

இதில் அதிக நேரம் வேண்டாம். வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்து நிறம், தெளிவு, நுரையின் நிறம், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நான்கு குறிப்பு எடுத்தால் போதும். கறுப்பாக இருந்தால் ‘ஸ்ட்ராங்’ என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். நிறம் தானியத்தை எவ்வளவு வறுத்தார்கள் என்பதைச் சொல்லும், ஆல்கஹாலைச் சொல்லாது. கறுகறு ஐரிஷ் ஸ்டவுட் 4 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். வைக்கோல் பொன்னிறத்தில் பளபளக்கும் பெல்ஜிய டிரிப்பெல் 9 சதவீதத்தைத் தொடும்.

வாய்

முதல் வாயைச் சோதனையாகக் கொள்ளாதீர்கள், அது நாக்கைத் தயார்படுத்துவதற்கு. இரண்டாவது வாயை ஒரு மேசைக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவது போல இங்கே துப்புவதில்லை. விழுங்கிய பிறகு நீடித்து நிற்கும் கசப்பும் சுவையின் பாதி. விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். அந்த மூச்சில்தான் சுவையின் பெரும்பகுதி வருகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் இதைச் செய்து பாருங்கள். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐபிஏவை ஒரு வாய் குடியுங்கள். கசப்பு, லேசான இனிப்பு, குமிழியின் குறுகுறுப்பு, அவ்வளவுதான் தெரியும். இப்போது விரலை எடுத்து மூச்சை விடுங்கள். ஆரஞ்சுத் தோலும் பைன் மரப் பிசினும் அலை மாதிரி வந்து மோதும். இதை ஒரு முறை உணர்ந்தவர்கள் பிறகு பீரை அவசரமாக விழுங்க மாட்டார்கள்.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிப் படத்தில் பார்த்திருப்போம். அது சரியல்ல. நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் அறியும்.

வரிசையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் இனிப்பா கசப்பா எது முந்துகிறது? தானியத்தின் சுவை எப்படிப்பட்டது: வெறும் மாவா, ரொட்டியின் மேல்தோலா, தேனா, காபியா? கசப்பு எப்போது வருகிறது, எப்போது போகிறது? லேபிளில் ஐபியு என்று ஒரு எண் இருக்கலாம். ஒரு லிட்டர் பீரில் ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஏறக்குறைய எத்தனை மில்லிகிராம் என்பதைச் சொல்வது அது. ஹெஃபெவைசனில் 8 முதல் 15, ஜெர்மன் பில்ஸ்னரில் 22 முதல் 40, அமெரிக்க ஐபிஏவில் 40 முதல் 70 இருக்கும். ஆனால் அந்த எண் நாக்கில் அப்படியே தெரியாது. 60 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட், மால்ட் இனிப்பு மூடிக்கொள்வதால், 40 ஐபியு உள்ள வறண்ட பில்ஸ்னரைவிடக் கசப்பு குறைவாகத் தெரியலாம். உங்கள் நாக்கு சொல்வதைத்தான் எழுத வேண்டும்.

பிறகு வாயில் அது எப்படி உட்கார்ந்தது என்று பாருங்கள். தண்ணீராகவா, பால் மாதிரியா? குமிழி குத்துகிறதா, மெத்தென்று இருக்கிறதா? நைட்ரஜன் சேர்த்த ஸ்டவுட்டில் குமிழி மிகச் சிறியதாக இருப்பதால் பட்டுப் போல இறங்கும். ஆல்கஹாலின் சூடு நெஞ்சில் இதமாக இருக்கிறதா, தொண்டையை எரிக்கிறதா? துவர்ப்பு இருக்கிறதா? அரை நிமிடம் சும்மா இருங்கள். இப்போது வாயில் மிச்சமிருப்பது எது? அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

அப்புறம் கிளாஸில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே விட்டுவைத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். சூடு ஏறியதும் நல்ல ஸ்டவுட் புதிதாக எதையாவது காட்டும்: முன்பு காபி மட்டும் இருந்த இடத்தில் கோகோவோ உலர்ந்த பழமோ வரும். குறையுள்ள பீரும் இப்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

குறைகளைக் கண்டுபிடிப்பது

மதிப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் ஒவ்வொரு கெட்ட வாசனைக்குப் பின்னாலும் நடந்தது என்ன என்று ஒரு கதை இருக்கிறது.

வெயில் பட்ட பீரிலிருந்து தொடங்குவோம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டால் உடைந்து, பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்து ஒரு புதுப் பொருளாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் திரவத்தை ஒத்த நாற்றம் அதற்கு. எரிந்த ரப்பர் என்றும் சிலர் சொல்வார்கள். பழுப்பு பாட்டில் இந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும், பச்சை பாட்டில் கொஞ்சமே தடுக்கும், நிறமில்லாத பாட்டில் தடுக்கவே தடுக்காது. கேனுக்குள் ஒளி போக வழியே இல்லை. வீட்டில் இதைக் கற்றுக்கொள்வது சுலபம். பில்ஸ்னரை இரண்டு கிளாஸில் ஊற்றுங்கள். இரண்டையும் தட்டால் மூடி, ஒன்றை இருட்டான அலமாரியிலும் மற்றொன்றை நேர் வெயிலிலும் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டையும் மாற்றி மாற்றி முகருங்கள். அந்த நாற்றத்தை அதற்குப் பிறகு மறக்கவே மாட்டீர்கள்.

நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழையது, அல்லது சூட்டில் கிடந்திருக்கிறது. வெண்ணெய் வாசனையும் வழுவழுப்பும் வந்தால் அது டையசெட்டைல். ஈஸ்ட் நொதிக்கும்போது அது உண்டாகும். போதிய நேரம் கொடுத்தால் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அவசரமாக ஈஸ்டைப் பிரித்துவிட்டால் தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசனையும் பெரும்பாலும் அதே அவசரத்தின் அடையாளம்தான். வேகவைத்த சோளம் அல்லது முட்டைக்கோஸ் வாசனை வெளிர் மால்ட்டிலிருந்து வருவது. மால்ட் சாற்றைத் திறந்த நிலையில் நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியாகிப் போயிருக்கும். வினிகர் வாடை என்றால் பாக்டீரியாவும் காற்றும் எங்கோ உள்ளே புகுந்திருக்கின்றன.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரு பாணியில் குறையாக இருப்பது இன்னொரு பாணியில் உயிராக இருக்கும். வாழைப்பழ மணம் ஹெஃபெவைசனில் அழகு, பில்ஸ்னரில் தவறு. லேசான வெண்ணெய் மணம் செக் லாகரில் (பில்ஸ்னர் சேர்ந்த பீர் குடும்பம்) அனுமதிக்கப்பட்டது. பெல்ஜியத்தின் லாம்பிக் என்ற பீர் புளித்துத்தான் இருக்கும். எனவே ‘குறை’ என்று எழுதும் முன் இது எந்தப் பாணி, அதில் இது இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீர் போட்டிகளுக்கு நடுவர்களைத் தயார்செய்யும் அமெரிக்க அமைப்பான பிஜேசிபி, ஒவ்வொரு பாணியும் எப்படி இருக்க வேண்டும் என்ற வழிகாட்டு நூலை இலவசமாகவே தருகிறது. அமர்வுக்கு முந்தைய நாள் அந்த நான்கு பாணிகளின் பக்கங்களை மட்டும் படித்துவிட்டு வந்தால் போதும்.

இன்னொன்று, நியாயம் கருதி. ஒரே பாட்டிலை வைத்து ஒரு ப்ரூவரியை மோசம் என்று எழுதாதீர்கள். அட்டைப்பெட்டி வாசனைக்கும் வெயில் நாற்றத்துக்கும் காரணம் ஏற்றி இறக்கியவர்களாகவோ அலமாரி விளக்காகவோ இருக்கலாம். வேறு நாளில், வேறு இடத்தில் வாங்கிய இரண்டாவது பாட்டிலிலும் அதே குறை இருந்தால் எழுதுங்கள்.

மதிப்பெண்

மதிப்பெண் கட்டாயமில்லை. வேண்டுமென்றால் பிஜேசிபியின் 50 மதிப்பெண் முறை நல்லது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தமாக 10. தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். அழகான நுரைக்கு மயங்கி எண்ணை ஏற்றுவதை இது தடுத்துவிடும். 38-க்கு மேல் போனால் சிறப்பானது, 45-க்கு மேல் அபூர்வம், 21-க்குக் கீழே போனால் ஏதோ கோளாறு. உங்கள் விருப்பத்துக்கு இடம் அந்தக் கடைசி 10-இல் மட்டும்தான். எழுதிய குறிப்புக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லையென்றால் நான் எண்ணைத்தான் மாற்றுவேன்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்

மேலே தேதி, பீரின் பெயர், பாணி, ஆல்கஹால் சதவீதம், அடைத்த தேதி, எத்தனையாவதாகக் குடித்தது. பிறகு உடல். என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன், ஒரு ஐபிஏவுக்கு எழுதியது:

‘6.5 சதவீதம். அடைத்து ஐந்து வாரம். மூன்றாவது கிளாஸ். மூக்கில் முதலில் ஆரஞ்சுத் தோல், மூடித் திறந்ததும் பைன் பிசின், அடியில் புது வைக்கோல். மால்ட் மணம் தேடினால்தான் கிடைக்கிறது, பிஸ்கட் மாதிரி. செம்பொன் நிறம், லேசான கலங்கல், நுரை வெண்மை, நான்கு நிமிடம் நின்றது. வாயில் சட்டென்று ஒரு இனிப்பு, உடனே கசப்பு வந்து மூடுகிறது. கசப்பு சுத்தமானது, ஆனால் விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் தேயிலைத் துவர்ப்பு, அரை நிமிடத்துக்கு மேல் நிற்கிறது. இடைத்தரமான கனம். சூடு ஏறியதும் ஆரஞ்சு குறைந்து வெங்காயத்தாள் வாசனை ஒன்று எட்டிப்பார்த்தது. 50-க்கு 34. மணம் எனக்கு மிகவும் பிடித்தது. துவர்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு கிளாஸ் குடித்திருப்பேன்.’

பிடித்தது, பிடிக்காதது எல்லாம் கடைசி இரண்டு வாக்கியங்களில் மட்டும் இருப்பதைப் பாருங்கள். வெங்காயத்தாள் பிடித்த ஒருவர் இதைப் படித்தால் தனக்கு வேண்டிய முடிவை அவரே எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணைக் கட்டிய சோதனை

நான்கைந்து அமர்வு ஆன பிறகு இதற்கு வாருங்கள். வீட்டில் ஒருவரை வேறு அறையில் ஊற்றச் சொல்லி, கிளாஸ்களில் எண் மட்டும் ஒட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். லேபிளும் விலையும் பெயரும் போனதும் உங்கள் குறிப்பு எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். எனக்குப் பிரியமான ஒரு பீருக்கு வழக்கமாக 40 தருவேன். பெயர் தெரியாதபோது 31 கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து அதன் பக்கத்தில் இரண்டு எண்ணையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதைவிடக் கடினமானது மூன்று கிளாஸ் சோதனை, ப்ரூவரிகளில் வழக்கமாகச் செய்வது. மூன்றில் இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு முறை ஜெயித்ததை நம்பாதீர்கள். அடுத்தடுத்து மூன்று முறையும் சரியாகச் சொன்னால், அது தற்செயலாக நடக்க 27-இல் ஒரு வாய்ப்புதான். அப்போது உங்கள் மூக்கை நம்பலாம். ஒரே ஐபிஏவை வாங்கி, ஒரு கேனை ஃபிரிட்ஜிலும் இன்னொரு கேனை ஒரு மாதம் வெளியே சூட்டிலும் வைத்திருந்து இந்தச் சோதனையைச் செய்வதுதான் நான் சொல்லும் முதல் பயிற்சி. வெளியே வைக்கப்போகும் கேன் மேல் தேதியை எழுதி இன்றைக்கே வைத்துவிடுங்கள்.